மோஷன் பிளர்... ஆன்ல இருக்கணுமா, ஆஃப்ல இருக்கணுமா?

வீடியோ கேம் செட்டிங்ஸில் பலரும் கண்டுகொள்ளாத ஒரு பட்டன், மோஷன் பிளர். ஆன் செய்தால் வேகமாக நகர்வதெல்லாம் லேசாகக் கலங்கித் தெரியும். "அது இருந்தாதான்க்கா நிஜம் மாதிரி இருக்கு" என்பான் என் தம்பி. நான் ஆஃப் கட்சி.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்களில் ஓடுகிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டர் வழக்கமாக நொடியில் 48-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும். அதற்குள் ஹீரோவின் கை நகர்ந்தால், இழுபட்டதுபோலப் பதிவாகும். படம் வழுக்கிக்கொண்டு ஓடுவது அதனால்தான். கேமில் கேமராவே கிடையாது. ஒவ்வொரு ஃபிரேமும் உறைந்துபோன ஒரு கணம். அதனால் கலங்கலைக் கணக்குப்போட்டு மேலே பூசுகிறார்கள். நொடிக்கு 30 ஃபிரேமில் ஓடும் கேம்களில் இது தடக் தடக்கென்ற ஓட்டத்தை நன்றாகவே மறைக்கும்.

ஆனால், யாருடைய நிஜம்? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். மைல்கல்லைக் கண்ணால் பிடித்துத் தொடர்ந்தால் ஊர்ப் பெயரைப் படித்துவிடலாம். பார்வையை ஜன்னல் கம்பியில் நிறுத்தினால் அதே கல் வெறும் கோடு. எது கலங்க வேண்டும் என்று முடிவு செய்வது நம் கண்தான். திரையில் நான் எங்கே பார்க்கிறேன் என்பது கேமுக்குத் தெரியாது. ஓடும் எதிரியை நான் கண்ணால் துரத்தும்போதே அவன்மேலும் பூசிவிடும்.

ஆக, மோஷன் பிளர் காட்டுவது கேமராவின் நிஜத்தை. அதற்கு நாம் எவ்வளவு பழகிவிட்டோம் என்பதற்கு 2012-ல் வந்த 'தி ஹாபிட்' சாட்சி. நொடிக்கு 48 ஃபிரேமில் கலங்கல் குறைந்து பளிச்சென்று இருந்தது படம். 'டிவி சீரியல் மாதிரி இருக்கு' என்று பலர் முகம் சுளித்தார்கள்!

ரசனை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் தம்பி விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது அம்மாவுக்குப் பிடிக்கும். கேமரா சட்டென்று திரும்பி மொத்தத் திரையும் கலங்கும்போது, "தலை சுத்துதுடா" என்று எழுந்து போய்விடுவார். ஆஃப் செய்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்கிறார். எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். பிளர் இல்லாவிட்டால்தான் கண் உறுத்துகிறது என்பவர்களும் உண்டு.

கார் ரேஸுக்கு மட்டும் நானே ஆன் செய்வேன். கண் நடுவில் ஓடும் காரின் மீதே இருக்கிறது, சாலையோரம் மட்டும் கரைகிறது. பஸ் ஜன்னல் கணக்குதான். சில கேம்களில் கேமரா திரும்பும்போது வரும் பிளருக்கும் பொருள்கள் நகரும்போது வரும் பிளருக்கும் தனித்தனி பட்டன் இருக்கும். முதலாவதை மட்டும் அணைத்துப் பாருங்கள்.