லாமிங்டன் சாலையில் ஒரு பகல்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர்க்கு மாதுங்காவின் பூக்கடைகள் தெரியும். தாராவியின் சந்துகள் தெரியும். லாமிங்டன் சாலையை அறிந்தவர் அவ்வளவு பேர் இரார். மின்கருவிகளும் கணினிப் பொருள்களும் வேண்டுவோர்க்கு இந்நகரின் பெயர்பெற்ற சந்தை அதுவே. 1903 முதல் 1907 வரை பம்பாய் மாகாணத்தின் கவர்னராயிருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரால் அமைந்தது அச்சாலை. இன்று அதற்கு டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது பெயர். ஆயினும் கடைக்காரரும் வாடிக்கையாளரும் பழைய பெயரையே வழங்குகின்றனர். 1975இல் வெளியான ‘ஷோலே’ படம் ஐந்தாண்டுகள் ஓடிய மினர்வா திரையரங்கு இச்சாலையில்தான் இருந்தது. அரங்கு மறைந்துவிட்டது, கூட்டம் மட்டும் குறையவில்லை.

2025ஆம் ஆண்டு மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாம் அங்குச் சென்றோம். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் நம் தமக்கையார், ஈராண்டுகள் சீட்டுக் கட்டி எடுத்த ஐம்பத்தையாயிரம் ரூபாயை நம் கையில் கொடுத்திருந்தார். பதினோராம் வகுப்புக்குச் செல்லவிருந்த அவர் மகனுக்குக் கணினி வேண்டும். அவனுக்கோ அது விளையாட்டுகளை நன்கு ஓட்டும் கணினியாக இருத்தல் வேண்டும். “தம்பி, விளையாடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் படிப்புக்கும் ஆகவேண்டும். ஐந்து வருஷமாவது உழைக்கவேண்டும். இன்னொரு சீட்டு என்னால் கட்ட முடியாது” என்றார் தமக்கையார். அச்சொல்லின் பாரத்துடனேயே நாம் புறப்பட்டோம்.

மாஹிமில் மெதுவண்டி ஏறினால் ஏழாவது நிலையம் கிராண்ட் ரோடு. வழியெல்லாம் மருமகன் தன் திட்டத்தை விவரித்தான். கிராபிக்ஸ் கார்டு என்னும் வரைகலை அட்டைக்கு மட்டும் நாற்பதினாயிரம். எஞ்சிய பதினையாயிரத்தில் மற்றவை அனைத்தும். “கார்டு பெரியதாக இருந்தால் போதும், மாமா” என்றான்.

இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். ஆற்றல் மிக்க எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்தலாம். தடத்தில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்ற கட்டுப்பாடு இருந்தால் அதுவும் முப்பதில்தான் ஊரும். கணினியும் அவ்வாறே. விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்கிறது என்றெல்லாம் கணக்கிடுவது பிராஸஸர் என்னும் செயலி. அக்கணக்கின்படி ஒவ்வொரு படத்தையும் தீட்டுவது வரைகலை அட்டை. கணக்கு வரத் தாமதமானால் தீட்டுபவன் கைகட்டி நிற்பான். தீட்டுபவன் மெலிந்தவனாயின் கணக்கன் காத்திருப்பான். எவர் காத்திருப்பினும் அங்கே நம் காசு உறங்குகிறது.

நிலையத்தின் கிழக்கு வாயிலில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் சாலை வந்துவிடும். வெயிலோ கொடிது. கம்பிச் சுருள்கள், கண்காணிப்புக் காமிராக்கள், ஒலிபெருக்கிகள் ஆகியவற்றைக் கடந்து கணினிக் கடைகள் நெருங்கியுள்ள பகுதியை அடைந்தோம். முதல் கடையில் வண்ண விளக்குகள் மின்னும் பெட்டி ஒன்றைக் காட்டி, “ஐ செவன், பதினாறு ஜி.பி., கேமிங் கணினி! விலையோ பாதி!” என்றார் விற்பனையாளர். எந்தத் தலைமுறைச் செயலி என்று வினவினோம். முதலில் மழுப்பினார், பின்னர் ஐ செவன் 3770 என்றார். அது 2012இல் வெளிவந்தது. அதில் பொருந்துவது பழைய டி.டி.ஆர். 3 நினைவகம். விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் செயலிகளின் பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடியவிருந்தது. பெயர் பெரிது, வயதும் பெரிது! மருமகன் முகம் சற்றே வாடியது; வணக்கம் கூறி வெளியேறினோம்.

ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து தாளில் கணக்கிட்டோம். கணக்கைத் திரையிலிருந்து தொடங்குவதே முறை. வீட்டில் இருப்பது 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை. ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகளை ஒவ்வொரு முறையும் தீட்ட வேண்டும். நான்கு கே எனப்படும் திரையாயின் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 82.9 இலட்சம். அத்திரை இல்லாதபோது அதற்குரிய அட்டை எதற்கு? இதனைக் கேட்டதும் மருமகன் தானே நாற்பதினாயிரத்தை அடித்துவிட்டான்.

அட்டை நடுத்தரமாயிற்று. எட்டு ஜி.பி. நினைவகம் கொண்ட ஆர்.எக்ஸ். 6600 போதும் என்று முடிவு செய்தோம். அதற்கு ஈடுகொடுக்க, ஆறு உட்கருக்கள் கொண்ட ரைசன் 5 5600 செயலி. அது ஏ.எம். 4 என்னும் பொருத்துவாய் உடையது. ஆகவே மதர்போர்டும் அவ்வகையே வேண்டும், நினைவகம் டி.டி.ஆர். 4 ஆதல் வேண்டும். புதிய ஏ.எம். 5 பலகையில் இச்செயலி அமராது, டி.டி.ஆர். 5 நினைவகமும் இப்பலகையில் அமராது. பதினாறு ஜி.பி.யை ஒரே துண்டாக வாங்காமல் எட்டும் எட்டுமாக வாங்குதல் நன்று. ஒற்றைத் தடத்தை இரட்டைத் தடமாக்குவது போன்றது அது.

மின்சாரம் தரும் பவர் சப்ளையில்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கின்றனர். அது பழுதுற்றால் தான் மட்டும் போகாது. பிறவற்றையும் கெடுத்துச் செல்லக்கூடும். மேற்கூறிய அட்டைக்கு 132 வாட்டும் செயலிக்கு 65 வாட்டும் குறிக்கப்பட்டுள்ளன. பிறவற்றையும் சேர்த்தால் முந்நூறு வாட்டைச் சுற்றி நிற்கும். ஆகவே தரமான 550 வாட் போதும்; பெயரறியா நிறுவனத்தின் 750 வாட் வேண்டா. பெட்டியிலும் இதே விவேகம் தேவை. முன்புறம் கண்ணாடியால் மூடியதைவிட வலையுள்ளதே மேல். ஓரறை வீட்டில், மும்பையின் புழுக்கத்தில், கணினிக்கும் காற்று வேண்டுமன்றோ?

மூன்று கடைகளில் விலை கேட்டு, நான்காவதில் வாங்கினோம். வரி உட்பட நாம் கொடுத்த தொகை இது: வரைகலை அட்டை 21,500, செயலி 9,800, மதர்போர்டு 8,000, ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி. 5,000, பவர் சப்ளை 4,000, நினைவகம் 3,400, பெட்டி 3,300. ஆக மொத்தம் 55,000. அட்டைக்குச் சென்றது நூற்றுக்கு 39 பங்கு. விளையாட்டுக் கணினிக்கு அதுவே தக்க அளவு என்பது நம் கருத்து. இன்னும் கூட்டினால் மற்றவை மெலியும். மிகக் குறைத்தால் விளையாட்டு தடைப்படும்.

“பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன், பாய்” என்றார் கடைக்காரர். பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி. மிச்சம் என்பது ஆசை காட்டும் பேச்சு. ஆனால் பொருள் பழுதானால் உத்தரவாதம் கோருவதற்கு அந்தப் பில்லே சான்று. பில்லுடனேயே பெற்றோம். பெட்டிகளின் முத்திரையைப் பார்த்து, வரிசை எண்களைப் பில்லில் எழுதுவித்து, அங்கேயே பூட்டி இயக்கிக் காட்டச் செய்தோம். மாலை ஐந்து மணிக்குத் திரையில் ஒளி வந்தபோது மருமகன் பேசவில்லை. பில்லை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அது தன் தாயின் ஈராண்டுச் சீட்டு என்பதை அவன் உணர்ந்திருந்தான்.

அக்கணினியில் அவன் பகலில் பைதான் கற்கிறான். இரவில் ஒரு மணி நேரம் விளையாடுகிறான். மழைக்காலத்து மின்தடைக்காக ஒரு யு.பி.எஸ். வேண்டியிருந்தது. அதனை இரயில்வே தரும் 78 நாள் போனஸிலிருந்து நாம் வாங்கித் தந்தோம்.

இம்முயற்சியில் இறங்கும் குடும்பத்தினர்க்கு ஒன்று கூறுவோம். மேலே கண்ட விலைகளை அப்படியே நம்பிச் செல்லற்க. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி நிலையங்கள் நினைவகத்தை வாரிக்கொள்வதால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதன் விலை பெரிதும் ஏறியது. விலை மாறும், முறை மாறாது. முதலில் திரை, பின் அட்டை, அதற்கேற்ற செயலி, அதற்குப் பொருந்தும் பலகை, எல்லாவற்றையும் தாங்கும் பவர் சப்ளை என்று வரிசையாக எழுதிக்கொண்டு செல்க. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பிள்ளைகளை உடனழைத்துச் செல்க. பட்டியலை அவர்களே எழுதட்டும். பணத்தின் அருமையை நாம் எடுத்துரைப்பதைவிட அந்தத் தாள் அவர்களுக்கு நன்கு உணர்த்தும்.