கேட் இல்லாத ஆபீசுக்கு ஒரு எச்.ஆர்.

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற யாருக்கும் மெப்ஸ் தெரிந்திருக்கும். 1984இல் மத்திய அரசு ஏற்றுமதிக்கென்றே தொடங்கிய வளாகம். 2003இலிருந்து சிறப்புப் பொருளாதார மண்டலம். உள்ளே போக அடையாள அட்டை, செக்யூரிட்டி, பை சோதனை. சும்மா பந்தாவுக்கு இல்லை. சுங்க வரிக் கணக்கில் அந்த கேட்டுக்கு உள்ளே இருப்பது வெளிநாடு மாதிரி. வரி கட்டாமல் இறக்குமதி செய்த கம்ப்யூட்டரை அனுமதி வாங்காமல் வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அந்தக் கம்ப்யூட்டர்களே வீட்டுக்குப் போகவேண்டியதாகிவிட்டது. பி.பி.ஓ.க்களுக்கு இன்னொரு தலைவலி. ஊழியரை வீட்டிலிருந்து வேலை பார்க்க வைக்க வேண்டுமானால் ஒரு கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தரவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறையின் பழைய விதி ஒன்று இருந்தது. முதலில் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள், 2020 நவம்பரில் ஒரேயடியாக எடுத்தார்கள். சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கோ 43ஏ என்ற விதி 2022 ஜூலையில்தான் வந்தது. ஜனங்கள் இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து பொட்டி தட்டிய பிறகு சட்டம் வந்து "சரி, உட்காருங்கள்" என்றது!

கேட் போனதால் எச்.ஆர். மேனேஜருக்கு வேலை குறைந்திருக்கும் என்று நினைத்தால் தப்பு. யார் எப்போது வந்தார், எப்போது கிளம்பினார், யார் முகம் வாடியிருக்கிறது என்று அதுவரை கேட்டும் கேண்டீனும் சொல்லிக்கொண்டிருந்தன. இப்போது அதெல்லாம் அவர் தலையில். அதிலும் டீம் நாலு நாட்டில் சிதறிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். யாருக்காவது எப்போதும் ஒரு அசௌகரியம் இருக்கும். அது எப்போதும் ஒரே ஆள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

உதாரணத்துக்கு ஒரு சின்ன டீமை எடுத்துக்கொள்வோம். சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் நாலு பேர், மணிலாவில் மூன்று பேர், போலந்தின் கிராக்கோவில் இரண்டு பேர், கலிபோர்னியாவில் இரண்டு பேர். எச்.ஆர். இருப்பது சிட்லபாக்கத்தில், ஒரு மாடி அறையில்.

முதல் சிக்கல் பெயர். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான். மென்பொருளில் ஆனால் இரண்டு கட்டங்கள், இரண்டையும் நிரப்பியே ஆகவேண்டும். எஸ். ரமேஷ் என்று ஒருவர் இருந்தால் அவர் 'ரமேஷ் சுப்பிரமணியன்' ஆகிவிடுவார். கலிபோர்னியாவிலிருந்து ரொம்ப மரியாதையாக "டியர் மிஸ்டர் சுப்பிரமணியன்" என்று மெயில் வரும். நிஜ சுப்பிரமணியன் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார் :-)

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. பான் கார்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருக்கும். ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. கல்யாணமான பெண்களில் பலருக்கு இனிஷியலே மாறியிருக்கும். இவை ஒத்துப்போகாவிட்டால் பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போது க்ளைம் திரும்பி வரும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடிப்பார்கள், 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த ஒரே பெயரை வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு பட்டம்! இந்தோனேசியாவிலும் இதே கதை. சுகர்னோ, சுகார்த்தோ எல்லாம் ஒற்றைப் பெயர்கள். ஐஸ்லாந்தில் இன்றும் அப்பா அல்லது அம்மா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள், குடும்பப் பெயர் வழக்கம் மிகக் குறைவு. பெயர் விஷயத்தில் தாம்பரத்துக்காரர் லண்டனைவிட ஐஸ்லாந்துக்குத்தான் பக்கம். விவரமான எச்.ஆர். செய்வது ஒன்றே ஒன்று. சேரும்போதே 'உங்களை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும்' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்துவிடுவார். செலவு, பூஜ்யம்.

அடுத்தது கடிகாரம். உண்மையான சண்டை இங்கேதான்.

குளிர்காலத்தில் கலிபோர்னியாவில் காலை 8 மணிக்கு மீட்டிங் வைத்தால் கிராக்கோவில் மாலை 5, தாம்பரத்தில் இரவு 9.30, மணிலாவில் நள்ளிரவு 12. வாராவாரம் இதே நேரம் என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. பணம் தரும் ஊரின் காலைநேரம் தானாகவே மீட்டிங் நேரமாகிவிடுகிறது. அதோடு அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் யாரோ ஒருவர் தப்பான நேரத்தில் வந்து உட்கார்ந்திருப்பார். இந்தியாவும் பிலிப்பைன்ஸும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, ஆனால் மீட்டிங் மட்டும் நகர்ந்துவிடும்.

கிராக்கோக்காரருக்குச் சட்டம் துணை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர உத்தரவுப்படி 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு தந்தாக வேண்டும். பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்து, வேலை முடிந்த பிறகு மெயிலுக்குப் பதில் போடாமல் இருக்கும் உரிமை சட்டத்திலேயே உண்டு. இங்கே 2018இல் சுப்ரியா சுலே மக்களவையில் அதே மாதிரி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. ஆக, ஒரே டீமில் ஒருவருடைய தூக்கத்தை ஐரோப்பாவே காவல் காக்கிறது, இன்னொருவருடைய தூக்கத்துக்கு சிட்லபாக்கம் எச்.ஆரை விட்டால் நாதியில்லை.

2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது ஞாபகம் இருக்கலாம். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழுந்தன. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். நல்ல விஷயம். தொழிற்சாலை வாசலில் 12 மணி நேரம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். காலை 10க்கு லேப்டாப்பைத் திறந்து, நடுவில் குழந்தையை ஸ்கூலிலிருந்து கூட்டிவந்து, தோசை ஊற்றிப் போட்டு, 9.30 காலுக்கு உட்கார்ந்து 11 மணிக்கு மூடும் பெண்ணின் நாளை எந்த வாசலில் நின்று எண்ணுவது? முன்பாவது இரவு வேலை என்றால் ஆபீஸ் கேப் வரும், அந்த கேப் வந்து நிற்பதே 'இது ராத்திரி வேலை' என்று தெருவுக்குச் சொல்லும். இப்போது தெருவுக்கும் தெரியாது, சில வீட்டில் மாமியாருக்கே தெரியாது.

இதற்கு எச்.ஆர். என்னதான் செய்ய முடியும்? மீட்டிங் நேரத்தைச் சுழற்றலாம். ஒரு வாரம் மேலே சொன்ன நேரம். அடுத்த வாரம் தாம்பரத்தில் காலை 11.30. அப்போது மணிலாவில் மதியம் 2, கிராக்கோவில் காலை 7, கலிபோர்னியாவில் முந்தைய நாள் இரவு 10. முதல் தடவை கலிபோர்னியா முனகும். முனகட்டும், வாராவாரம் முனகாமல் இருந்தவர்களும் இருக்கிறார்களே. இதைக் கேட்டு வாங்கத் தைரியம் வேண்டும், ஏனென்றால் எச்.ஆரின் சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது.

லீவு, போனஸ் எல்லாம் இதைவிட எளிது, எழுதிவைத்தால் தீர்ந்துவிடும். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். பொங்கல் எது என்று மணிலாவுக்குத் தெரியாது, நவம்பர் 1 மணிலாவிலும் கிராக்கோவிலும் ஏன் லீவு என்று இங்கே தெரியாது (இரண்டு இடத்திலும் கல்லறைக்குப் போகும் நாள்). பிலிப்பைன்ஸில் 1975 முதல் 13ஆம் மாதச் சம்பளம் சட்டம், டிசம்பர் 24க்குள் தந்தாகவேண்டும். நம்மூர் 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வகுத்த குறைந்தபட்சம் 8.33 சதவீதம். பன்னிரண்டில் ஒரு பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதேதான்!

எழுதிவைத்துத் தீராதது மௌனம். பி.காம். பாடப்புத்தகத்தில் ஹாஃப்ஸ்டெட் வருவார். ஐ.பி.எம். ஊழியர்களிடம் 1967க்கும் 1973க்கும் நடுவில் எடுத்த கருத்துக் கணிப்பை வைத்து, மேலதிகாரியிடம் எந்த நாட்டுக்காரர் எவ்வளவு பணிகிறார் என்று மதிப்பெண் போட்டவர். பிலிப்பைன்ஸ் 94, இந்தியா 77, போலந்து 68, அமெரிக்கா 40. ஒரே கம்பெனி ஊழியர்களை வைத்து ஒரு தேசத்தையே எடைபோடலாமா என்று அவரைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு, நியாயமான கேள்வி. ஆனாலும் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டவுடன் தாம்பரமும் மணிலாவும் ஊமையாகிவிடும் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. நம்மூரில் 'சரி சார்' என்றால் 'காதில் விழுந்தது' என்று அர்த்தம். 'ஒத்துக்கொள்கிறேன்' என்பது கலிபோர்னியாக்காரர் போட்டுக்கொள்ளும் அர்த்தம். ஒத்துக்கொண்டார் என்று அவர் நம்பிய வேலை இரண்டு வாரம் கழித்து நடக்காதபோது, ரமேஷ் 'நம்பகமில்லாதவர்' ஆகிறார். வருடாந்திர மதிப்பீட்டில் அது ஒரு எண்ணாக மாறும், சம்பள உயர்வில் கைவைக்கும். மீட்டிங்குக்கு முந்தின நாளே ஒவ்வொருவரும் தன் கருத்தை இரண்டு வரி எழுதிப் போடவேண்டும் என்று வைத்தால் பாதி குழப்பம் குறையும். பேசத் தயங்குபவர்கள் எழுதத் தயங்குவதில்லை. தலைமை அலுவலகமே இல்லாமல் 2021இல் பங்குச்சந்தைக்குப் போன கிட்லேப் நிறுவனம், தன் விதிகளையெல்லாம் யாரும் படிக்கும்படி இணையத்தில் எழுதிப் போட்டிருப்பதும் இதற்காகத்தான்.

கடைசியாக மழை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அப்போது ஆபீஸ் மூடியது, எல்லோருக்கும் தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மூடுவதற்கு ஆபீஸ் இல்லாதவர்கள் நிறைய பேர். முடிச்சூரில் தண்ணீர், கரண்ட் இல்லை, டவர் இல்லை. கிராக்கோவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதெல்லாம் ரமேஷின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அணைந்துபோனது மட்டும். முன்யோசனை உள்ள எச்.ஆர். அக்டோபரிலேயே ஒரு பட்டியல் எடுத்துவிடுவார். வீட்டில் எத்தனை மாடி, யுபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்கும், வயதானவர்கள் இருக்கிறார்களா, போன் எடுக்காவிட்டால் வேறு யாரைக் கூப்பிடுவது. அந்தக் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ஃப்ளாட் வாட்ச்மேன் நம்பர்தான் இருக்கும்.