மரத்துக்குள் தேரை

மரப்பொந்தில் ஒரு கை கொள்ளும் அளவு தண்ணீர், கறுத்துக் கிடந்தது. வழிகாட்டி டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க, அடியில் சில தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டியபடி இலைச் சகதிக்குள் ஒதுங்கின. கல்லுக்குள் தேரை கேள்விப்பட்டிருக்கிறோம். இது மரத்துக்குள் தேரை.

இடம் சாவோ தோமே தீவு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி, நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. 1975 வரை போர்ச்சுகீசியர் ஆட்சி. தலைநகரிலிருந்து மோந்தே கஃபே காபித் தோட்டம் வழியாக ஏறி, போம் சுசேசோ தாவரவியல் பூங்காவைத் தாண்டினால் மழைக்காடு. வழுக்கல் என்றால் அப்படியொரு வழுக்கல்.

பொந்துக்கு மேலே ஓர் இலையில் உட்கார்ந்திருந்தது தாயோ தந்தையோ. முதுகு நீலம் கலந்த பச்சை. அது எட்டி அடுத்த கிளையைப் பிடித்தபோது வயிறு தெரிந்தது: ஆரஞ்சு நிறத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்த திட்டுகள். இவ்வளவு பகட்டை யாரும் பார்க்காத அடிவயிற்றில் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? பெயர் ஹைபரோலியஸ் தோமென்சிஸ். போர்ச்சுகீசிய விலங்கியலாளர் பொகாஜ் 1886-ல் வைத்தது. தேரை என்று சொன்னாலும் இது நாணல் தவளை வகை. நாணல் தவளைகள் பொதுவாகப் பொடிசுகள். அந்தக் கூட்டத்தில் இதுதான் பெரிய உடம்புக்காரர். அப்படியும் உள்ளங்கையில் அடங்கிவிடும். உலகத்தில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது.

என்னைத் திகைக்க வைத்தது நிறமல்ல, அது இங்கே இருப்பதுதான். இந்தத் தீவு கடலடி எரிமலை கக்கி எழுந்தது. ஒருநாளும் கண்டத்தோடு ஒட்டியிருந்ததில்லை. தவளைக்கோ உப்புத் தண்ணீர் ஆகாது, தோல் தாங்காது. பிறகு எப்படி வந்தது? காங்கோ போன்ற பெரிய ஆறுகள் வெள்ளக் காலத்தில் கரையைப் பெயர்த்துக்கொண்டு கடலுக்கு வரும். மரமும் மண்ணும் பின்னிய அந்த மிதவைகளில் ஏறி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆற்று நீரும் மழையும் சேர்ந்து கினி வளைகுடாவின் மேல்நீரில் உப்பைக் குறைப்பதும் கைகொடுத்திருக்கும். மரபணுவைப் பார்த்தால், தீவுக்கு வந்து சேர்ந்த ஒரே மூதாதையிலிருந்துதான் இதுவும் இதன் பங்காளி இனமான மோலெரியும் கிளைத்திருக்கின்றன.

பங்காளி தாழ்வான, வெட்டவெளியான இடத்துக்காரர். குளத்து மேல் தொங்கும் இலையில் முட்டையிடுவார். பெரியவருக்குப் பழைய காடும் பொந்தும் வேண்டும். இருவரும் தனித்தனியே இருந்த வரை சரி. காடழித்துத் தோட்டம் போட்டு, தண்ணீர்த் தொட்டிகளும் கட்டிய இடங்களில் இரண்டும் சந்தித்துக் கலப்பினம் உண்டாகியிருக்கிறது. கடலைத் தாண்டிப் பிழைத்த இனத்தைத் தொட்டி கலந்து கரைத்துவிடும் போலிருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தவளைகளைக் கொல்லும் தோல் பூஞ்சை இந்தத் தீவிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. அது ஈர மண்ணோடு ஊர் விட்டு ஊர் போகும். காட்டுக்குள் நுழையும் முன்னும் வெளியே வந்த பின்னும் காலணியைக் கழுவிக் காயவையுங்கள். தவளையைக் கையில் எடுக்காதீர்கள்.