66.92 எங்கிருந்து வந்தது?

தண்ணீரில் விழுந்த சாயத்துளி எப்படிப் பரவுகிறது என்று கணித்த சிமுலேஷன் அது. பாராவியூ என்ற காட்சிப்படுத்தல் மென்பொருளில் திறந்து ஓட்டினால் துளி அழகாக விரிகிறது. அதே கோப்புகளை ஸ்கிரிப்ட் வழியாகக் கிளஸ்டரில் ரெண்டர் செய்து, படங்களைக் கோத்து வீடியோவாக்கினால், சாயம் பரவவே இல்லை. வடிவம் மாறுகிறது, அளவு மாறவில்லை. முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் திரையை அதே அளவுக்கு அடைத்துக்கொண்டு நட்டநடுவில் நிற்கிறது.

கேமராவின் இடம், அது நோக்கும் புள்ளி, மேல்திசை மூன்றும் ஸ்கிரிப்டில் எண்களாகவே இருந்தன. படத்தில் கோணமும் நாங்கள் கேட்ட கோணம்தான். குழப்பியதே அதுதான். திசை விஷயத்தில் சொன்ன பேச்சைக் கேட்கிற கேமரா, தூரத்தை மட்டும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது.

பெரிய தரவை ஒதுக்கிவிட்டு, பாராவியூவிலேயே இருக்கும் 'வேவ்லெட்' என்ற மாதிரித் தரவை எடுத்தேன். மூன்று அச்சிலும் −10 முதல் 10 வரை நீளும் கனசதுரம், அவ்வளவுதான். கேமராவை 200 தூரத்தில் வைத்து, ரெண்டர் ஆனதும் அது எங்கே இருக்கிறது என்று அச்சிடச் சொன்னேன். வந்தது 66.92130429902464.

பாராவியூ தானே எழுதித்தரும் ட்ரேஸ் ஸ்கிரிப்டுகளில் பார்த்துப் பழகிய எண். அதன் பக்கத்திலேயே 'பேரலல் ஸ்கேல்' என்ற பெயரில் 17.320508075688775 என்று இன்னொன்றும் இருக்கும். பிடி கிடைத்தது அந்த இரண்டாவதில். 3-இன் வர்க்கமூலத்தைப் பத்தால் பெருக்கினால் அதுதான். அதாவது பக்கம் 20 உள்ள கனசதுரத்தின் மூலைவிட்டத்தில் பாதி. அதை 15 டிகிரியின் சைன் மதிப்பால் வகுத்தேன். 66.92.

பொருளைச் சுற்றி ஒரு பெட்டி, பெட்டியைச் சுற்றி ஒரு கோளம். அந்தக் கோளம் பார்வைக் கூம்புக்குள் சரியாக அடங்கும் தூரத்துக்குக் கேமரா பின்வாங்குகிறது. பெட்டி போதாதா, கோளம் எதற்கு என்றால், எந்தப் பக்கம் திருப்பினாலும் மூலை வெட்டுப்படக் கூடாது. 15 என்பது 30 டிகிரி பார்வைக் கோணத்தில் பாதி. அந்த 30 பாராவியூவின் சொந்தச் சரக்கு அல்ல, அடியில் ஓடும் வி.டி.கே. நூலகத்தின் கேமராவில் யாரும் மாற்றாதவரை இருக்கும் மதிப்பு. வில் ஷ்ரோடர், கென் மார்ட்டின், பில் லோரன்சன் மூவரும் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இருந்தபோது, தங்கள் பாடநூலுக்குத் துணையாக 1993-இல் எழுதத் தொடங்கிய நூலகம் அது.

சரி, கணக்குப் போட்டது கேமரா ரீசெட் என்று தெரிந்துவிட்டது. அதைக் கூப்பிட்டது யார்? எங்கள் ஸ்கிரிப்டில் ரீசெட் என்ற பேச்சே இல்லை. ஆனால் ட்ரேஸ் தரும் ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில், அண்டர்ஸ்கோரில் தொடங்கும் ஒரு வரி வரும்: 'டிஸேபிள் ஃபர்ஸ்ட் ரெண்டர் கேமரா ரீசெட்'. குப்பை என்று நினைத்து யார் வேண்டுமானாலும் அழித்துவிடக்கூடிய வரி. எங்கள் கைக்கு வந்த ஸ்கிரிப்டில் அது இல்லை. அது இல்லையென்றால் முதல் ரெண்டரின்போது கேமரா தானாக ரீசெட் ஆகும். பைதானில் இரண்டு வரி தட்டிப் பார்க்கிறவருக்கு வெற்றுத் திரை வரக் கூடாதே, நியாயமான ஏற்பாடுதான். ரீசெட் நோக்கும் திசையைத் தொடாது. மையத்தையும் தூரத்தையும் மட்டும் மாற்றும். கோணம் தப்பியது அதனால்.

முதல் ரெண்டருக்கு மட்டும்தானே, மற்ற படங்களுக்கு என்ன வந்தது? ஒவ்வொரு நேரப்படியும் தனி 'பிவிபேட்ச்' வேலையாகக் கிளஸ்டருக்குப் போயிருந்தது. ஒவ்வொரு வேலையும் புதிதாகத் தொடங்குவதால், எல்லாவற்றுக்கும் அதுவே முதல் ரெண்டர். தொட்டியின் விளிம்புக்கோடுகளை வேறு மறைத்து வைத்திருந்தோம். ஆகவே பெட்டி என்றால் சாயத்தின் பெட்டிதான். சாயம் விரிய விரிய கேமரா அதே விகிதத்தில் பின்னால் போனது.

வரியைத் திரும்பச் சேர்த்தோம். கடைசி நேரப்படியின் பெட்டியை வைத்து ஒரே ஒரு தூரத்தைக் கணக்கிட்டு எல்லா வேலைகளுக்கும் கொடுத்தோம். பேரலல் ப்ரொஜெக்‌ஷனில் ரெண்டர் செய்கிறவர்களுக்கு இந்தத் தூரம் உதவாது. அங்கே பொருளின் அளவைத் தீர்மானிப்பது பேரலல் ஸ்கேல் மட்டும்தான், திரையில் தெரியும் உயரத்தில் பாதி அது. எல்லாப் படங்களுக்கும் மாறாமல் வைக்க வேண்டியது அந்த எண்ணை.