புதுத் தரைக்குக் கீழே

இப்போதெல்லாம் சிறு பட்டணத்துக் கடைகளில்கூட 'லேமினேட்' தரைப்பலகை விற்கிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. ஆணி வேண்டாம், பசை வேண்டாம். ஒன்றோடு ஒன்று கோத்தால் போதும், இரண்டே நாளில் வீடு புதுசாகிவிடும் என்கிறார்கள். பலகை வீட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு ஆசை வருவது இயல்புதான். எங்கள் வீட்டிலும் வந்தது.

எங்கள் அப்பா தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். 1992இல், கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் தைப்பிங் பக்கம் ஒரு பழைய பலகை வீட்டை வாங்கினார். இலாயத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, 'இது நம்ம வீடு' என்று சொல்ல அமைந்த முதல் கூரை அது. சிமெண்டுக் கால்களின் மேல் நிற்கும் வீடு. அடியில் ஆள் குனிந்து போகலாம். அப்பா இன்று இல்லை. எழுபத்தாறு வயது அம்மா அங்கேதான் இருக்கிறார். மேடும் பள்ளமுமாகிவிட்ட கூடத்துப் பலகையில், இரவில் எழுந்து போகையில் இரண்டு முறை தடுக்கி விழுந்துவிட்டார்.

தம்பி மகளுக்குப் பரிசம் போட வருவதாக இருந்தது. அதற்குள் வீடு முழுக்க லேமினேட் போட்டுவிட வேண்டும் என்பது தம்பியின் எண்ணம்.

"பழைய பலகைக்கு மேலேயே போட்டு மூடிடலாம், அக்கா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான்.

"நடக்கிற எனக்குத் தெரியும்டா" என்றார் அம்மா.

முன்பு தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த பெரியவர் ஒருவரை அழைத்தோம். அவர் கூடத்தைப் பார்ப்பதற்கு முன்பே டார்ச் விளக்கோடு வீட்டுக்கு அடியில் நுழைந்தார். ஒரு காலில் கரையான் மண்கோடு மேலே ஏறியிருந்தது. குளியலறைப் பக்கத்து விட்டத்தில் ஸ்குரூடிரைவரைக் குத்தினார். சோற்றில் இறங்குவது போல் இறங்கியது. மழைக்குப் பெயர்போன ஊர். போதாததற்கு ஒரு குழாயும் கசிந்துகொண்டிருந்தது. மேலே இருந்த பலகை மட்டும் சாயம் பூசி அழகாகவே தெரிந்தது. அம்மா தினமும் இரவில் மிதித்துப் போகும் இடம் அது!

விட்டத்தை மாற்றினால் கையிலுள்ள பணத்தில் பாதி போய்விடும் என்று தம்பி தயங்கினான். அம்மாவே முடிவு சொன்னார்: "கூடத்துக்கு மட்டும் புதுசு போடுங்க. என் ரூமுக்குப் பழைய பலகையே இருக்கட்டும். கெட்டியா இருந்தாப் போதும்."

வேலை இந்த வரிசையில் நடந்தது. முதலில் குழாய்க் கசிவு அடைபட்டது; கரையானுக்கு மருந்து அடிக்கப்பட்டது. உளுத்த விட்டத்துக்குப் பதிலாக, இடித்த வீடு ஒன்றிலிருந்து வாங்கிய செங்கால் மரம் ஏறியது. அந்த மரத்தைக் கரையான் எளிதில் அரிக்காது. துருத்திய ஆணிகளை உள்ளே இறக்கி, கிரீச்சிட்ட பலகைகளை விட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கினார். பிறகு 2 மீட்டர் நேர்சட்டம் ஒன்றைத் தரையில் வைத்துப் பார்த்தார். சட்டத்துக்கு அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாதாம். மேட்டை இழைத்து, பள்ளத்தை நிரப்பி, அதன்மேல் 9 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் திருகாணி போட்டு அடித்தார். அடித்தரை ஆடினால், லேமினேட் பலகையின் பூட்டு சில மாதத்தில் விட்டுவிடும் என்றார்.

லேமினேட் பெட்டிகள் 48 மணி நேரம் கூடத்திலேயே கிடந்தன. வீட்டுக் காற்றுக்கு அவை பழக வேண்டும். மரத்தரை மூச்சுவிட வேண்டும் என்பதால், சிமெண்டுத் தரைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் தாளை விட்டுவிட்டு மெல்லிய நுரைவிரிப்பு மட்டும் போட்டார். பலகை விரிந்துகொடுக்கச் சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டார். கூடத்தின் தரை ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதால், அம்மாவின் அறைவாசலில் சரிவுக்கட்டை ஒன்றையும் வைத்தார். அது இல்லாவிட்டால், பழைய தடுக்கல் போய்ப் புதிய தடுக்கல் வந்திருக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமையானால் வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுவது நம் வழக்கம். பழைய பலகையில் தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிவிடும். லேமினேட்டின் உள்ளே இருப்பது மரநாரை அழுத்திச் செய்த அட்டை. தண்ணீர் புகுந்தால் உப்பிவிடும், மறுபடி சரியாகாது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். சமையல்கட்டுக்கும் குளியலறைப் பக்கத்துக்கும் இந்தத் தரை வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு அடியில் காற்று போகும் வழியைச் சாமான்களால் அடைத்துவிடாதீர்கள்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்பது ஒரு தலைமுறையின் வியர்வை. விருந்தாளி பார்ப்பது மேல்தரையை. வீட்டில் இருப்பவர்களைத் தாங்குவது அடித்தரை. கையில் காசு கொஞ்சம்தான் என்றால், முதலில் அடியில் போடுங்கள். பளபளப்பு அடுத்த தீபாவளிக்கு வரட்டும்.