முட்டுக்கட்டை

'முட்டுக்கட்டை' என்னும் சொல்லை இன்று நாம் பெரும்பாலும் குறைகூறவே பயன்படுத்துகிறோம். நல்ல முயற்சி ஒன்றை ஒருவர் தடுத்தால், அவர் முட்டுக்கட்டை போடுகிறார் என்கிறோம். தேரோடும் வீதியில் அச்சொல்லின் நிலை வேறு. பலநூறு பேர் வடம்பிடித்து இழுக்கும் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தின் முன் சரிவாகச் செதுக்கிய கட்டையை இடுகிறார்கள். அதனை இடுபவர், உருளும் சக்கரத்துக்கு மிக அருகில் நின்று தம் வேலையைச் செய்கிறார். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் இரும்பு அச்சும் திரவ அழுத்த பிரேக்கும் பொருத்திய பின்னரும் முட்டுக்கட்டைக்கு அங்கே வேலை இருக்கிறது. வடம்பிடிக்க எத்தனை பேர் வந்தாலும், நிறுத்தத் தெரிந்தவர் இல்லாமல் தேர் நிலையைவிட்டுப் புறப்படுவதில்லை.

நிறுத்துவதும் ஒரு வேலை. அதற்கும் ஆள் வேண்டும், கருவி வேண்டும், நேரம் வேண்டும். இவ்வுண்மையை நம் தெருக்களில் சரக்கு இறக்கும் சிறு லாரிகளையும் அவற்றின் ஓட்டுநர்களையும் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

நீலகிரி மாவட்டத்தில் ஏழாண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றினேன். அங்கே சமதளம் என்பது மனிதர் வெட்டி உண்டாக்கினால்தான் உண்டு. வீட்டு வாசல், கடைத்தெரு, பள்ளித்திடல் யாவும் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மலைச்சாலையில் பழகியவர்கள் வண்டியை நிறுத்தியவுடன் போய்விடமாட்டார்கள். ஒரு கல்லைத் தேடியெடுத்துச் சக்கரத்துக்கு அண்டைகொடுத்த பின்னரே அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

அம்மலையில் ஏறும் ரயிலை உங்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். 1899ஆம் ஆண்டு குன்னூர்வரை ஓடத் தொடங்கிய அந்த மலை ரயில், 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் அதன் பாதை, பன்னிரண்டரை அடி செல்வதற்குள் ஓர் அடி உயரும் அளவுக்குச் செங்குத்தானது. தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் எஞ்சின் ஏறுகிறது. அந்த ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போடுவதற்கென்றே ஒரு பணியாளர் நிற்பார். எஞ்சினின் ஊதல் ஒலியைக் கேட்டு அவர்கள் தத்தம் பெட்டியின் பிரேக்கை இயக்குவார்கள். ஓட்டுபவர் ஒருவர், நிறுத்துவதற்கோ பெட்டிக்கு ஒருவர்.

அதே மலையில்தான் அரிசி, காய்கறி, சிமெண்ட், எரிவாயு உருளை ஆகியவற்றைச் சுமந்துகொண்டு சிறு லாரிகள் வீடுவீடாகச் செல்கின்றன. 2005ஆம் ஆண்டு டாட்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய நான்குசக்கரச் சிறு வண்டிக்கு நம் மக்கள் 'குட்டியானை' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். இத்தகைய வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் ஒரே ஒருவர்தான் வருவார். ஓட்டுபவர் அவர், மூட்டையை இறக்குபவர் அவர், ரசீதில் கையெழுத்து வாங்கிப் பணத்தை எண்ணுபவர் அவர், அடுத்த முகவரியைக் கைபேசியில் விசாரிப்பவரும் அவரே. இவ்வளவுக்கும் இடையில் வண்டியை அசையாமல் நிறுத்தி வைக்கும் பொறுப்பும் அவருடையதே.

அப்பொறுப்பை நிறைவேற்ற அவருக்குத் தரப்பட்டிருக்கும் கருவி, 'ஹேண்ட் பிரேக்' என்று ஓட்டுநர்கள் சொல்லும் கைப்பிரேக். இருக்கைக்கு அருகிலுள்ள அந்தக் கைப்பிடியை மேலே இழுக்கும்போது 'டக் டக்' என்று ஒலி எழும். உள்ளே உள்ள பற்களில் ஒரு கொக்கி ஒவ்வொன்றாக ஏறி மாட்டிக்கொள்ளும் ஒலி அது. கைப்பிடியோடு இணைந்த எஃகுக் கேபிள் இழுபட்டு, பின்சக்கரங்களின் உட்புறமுள்ள பிரேக் கட்டைகளை விரித்து அழுத்துகிறது. கால்பிரேக், கால் இருக்கும்வரைதான் வேலை செய்யும். ஓட்டுநர் இறங்கிய பின் அவருக்குப் பதிலாக வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கேபிள்தான். நாளாக ஆகக் கேபிள் நீளும். பிரேக் கட்டை தேயும். முன்பு நான்கு பற்களில் இறுகிய கைப்பிடி, எட்டுப் பற்கள் ஏறினாலும் இறுகாது. வண்டி தரும் எச்சரிக்கை இது. பட்டறையில் விட்டு முறுக்கினால் சரியாகிவிடும். ஆனால் அதற்காக வண்டி சில மணிநேரம் ஓடாமல் நிற்க வேண்டும்.

இயற்பியல் வகுப்பில் நீங்கள் படிக்கும் சாய்தளத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். சரக்கோடு 1500 கிலோ எடையுள்ள வண்டி, 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் நிற்கிறது என்று கொள்வோம். கண்ணுக்கு அது பெரிய சரிவாகத் தோன்றாது. ஆயினும் ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமமான விசை, வண்டியைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிரேக் விட்டுப்போனால், சக்கரங்களின் உராய்வுக்கு ஒரு பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், முதல் ஐந்து நொடிகளில் வண்டி 5 மீட்டர் நகரும். பத்தாவது நொடியில் 20 மீட்டர் கடந்திருக்கும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர். ஒரு மிதிவண்டியின் வேகம்தானே என்று எண்ணலாம். 1200 கிலோ பாரத்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் வெளிப்படும் ஆற்றல் அந்த வண்டியில் அப்போது இருக்கும். கையால் தள்ளி நிறுத்த முயல்பவரும், ஓடிப்போய் உள்ளே ஏற முயல்பவரும் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். உருளத் தொடங்கிய வண்டியின் பாதையைவிட்டு விலகுவதும், கீழே இருப்பவர்களைக் குரல்கொடுத்து விலக்குவதுமே நாம் செய்யத்தக்கவை.

இக்கணக்கை நான் கண்ணால் கண்டது ஒரு ஜூன் மாதக் காலையில். பள்ளி திறந்த வாரம். பாடநூல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு லாரி எங்கள் பள்ளி வாயிலுக்கு வந்தது. ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கலாம். சுமைதூக்கும் ஆள் உடன் வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சினை அணைக்காமலே இறங்கி, கட்டுகளைத் தோளில் சுமந்து அலுவலகத்தில் அடுக்கத் தொடங்கினார். நான்காவது கட்டோடு அவர் படியேறியபோது வண்டி பின்னோக்கி நகர்ந்தது. காவலர் கூச்சலிட்டார். சாலையில் நின்ற பிள்ளைகள் ஓரத்துக்குச் சிதறினார்கள். வண்டி சரிவில் இறங்கி, வளைவிலிருந்த தடுப்புச்சுவரில் மோதி நின்றது. சுவர் பெயர்ந்தது, புத்தகங்கள் நனைந்தன. இறைவணக்கத்துக்கான மணி அடித்து, பெரும்பாலான மாணவர்கள் உள்ளே வந்துவிட்டிருந்ததால் உயிருக்கு ஒன்றும் நேரவில்லை.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். கைப்பிரேக்கின் கைப்பிடி முழுவதும் மேலேறித்தான் இருந்தது. ஓட்டுநர் ஈரத்தில் அமர்ந்து, நடுங்கும் குரலில் சொன்னார்: "கேபிள் தொய்ஞ்சு போச்சுன்னு முதலாளிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன் சார். சீசன் முடியட்டும்னார். செல்ஃப் மோட்டாரும் சரியில்ல. அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதான் கியர்ல போட்டு நிறுத்த முடியல. ஆனா, கல்லு வெக்காதது என் தப்புதான்."

அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று. அந்த மாதத்தில் அவர் ஓட்டிய நடைகளுக்கான கூலியையும் சேதத்துக்கு ஈடாக உரிமையாளர் பிடித்துக்கொண்டார். நியமன ஆணையோ விசாரணையோ இல்லை. கைபேசியில் இரண்டு நிமிடப் பேச்சோடு எல்லாம் முடிந்தது. லாரி நிற்கும் இடத்தில் செய்தி பரவியதால், வேறு எவரும் அவரை உடனே வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் தலைமையாசிரியர், கைப்பிடி இழுத்த நிலையில் இருந்ததையும் நாங்கள் கண்ட பிறவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஆசிரியர்கள் மூவரின் கையொப்பத்தோடு அவரிடம் கொடுத்தார். அதைக் காட்டி வாதாடிய பின் கூலி கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை.

ஓட்டுநருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 126ஆம் பிரிவில், பொது இடத்தில் வண்டியை விட்டு இறங்குபவர் எஞ்சினை நிறுத்திப் பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது தாமில்லாதபோது வண்டி நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறது. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். சக்கரத்தடியில் ஒரு கல்லை வைக்க ஆகும் நேரம் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தைச் செலவிடாதவர் தம் வேலையை மட்டுமின்றிப் பிறர் உயிரையும் இழக்கச் செய்யக்கூடும்.

ஆயினும் சட்டம் ஓட்டுநருக்குச் சில உரிமைகளையும் தந்திருக்கிறது. தம்மிடம் ஒப்படைத்த பொருளுக்கு நேர்ந்த சேதத்துக்காகக் கூலியில் பிடித்தம் செய்வதற்கு முன், தொழிலாளி தம் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் கூறியது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் அதையே கூறுகிறது. ஒருவர் செய்த தவற்றை அளப்பதற்கு முன் அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்னும் எளிய அறமே இது. அந்தக் காலையில் தவறு ஒரு கையில் மட்டும் இல்லை. தொய்ந்த கேபிளைத் தெரிந்தே ஓடவிட்டவர் ஒருவர். சுமைதூக்கும் ஆளை அனுப்பாதவர் ஒருவர். கல் வைக்காதவர் ஒருவர். தண்டனை மட்டும் கடைசியாக இறங்கியவருக்கு முழுமையாகப் போய்ச்சேர்ந்தது. பழுதைச் சொன்னவரின் சொல் கேட்கப்படாத இடத்தில், அடுத்து வருபவர் சொல்லவே மாட்டார். பழுது அப்படியே சாலையில் ஓடும்.

மனிதர் மறப்பார், கருவி பழுதாகும் என்பதை முன்னரே எண்ணிச் செயல்பட்ட பொறியாளர்களும் உண்டு. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869ஆம் ஆண்டு ரயிலுக்குக் காற்றழுத்த பிரேக்கை உருவாக்கினார். குழாய் உடைந்தால் அந்த பிரேக் செயலிழந்துவிடும். எனவே 1872ஆம் ஆண்டு அதனைத் தலைகீழாக மாற்றினார்: குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை சக்கரம் சுழலும், அழுத்தம் போய்விட்டால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். இன்றைய கனரக லாரிகளில் நிறுத்துமிட பிரேக்காகப் பயன்படும் சுருள்வில் பிரேக்கும் அவ்வாறே இயங்குகிறது. வில்லின் இயல்பு பிடிப்பது. காற்று அதனை விலக்கி வைக்கிறது. பழுது நேர்ந்தால் வண்டி ஓடுவதற்குப் பதிலாக நிற்க வேண்டும் என்பதே அவ்வமைப்பின் உட்கருத்து. கேபிளை நம்பியிருக்கும் சிறு வண்டியில் அந்தக் காவல் இல்லை. அங்கே மனிதரின் பழக்கமும் ஒரு துண்டுக் கட்டையுமே காவல்.

அப்பழக்கம் கடினமானதன்று. கைப்பிரேக்கை முழுவதும் இழுக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, ஏற்றத்தை நோக்கி நின்றால் முதல் கியரிலும், இறக்கத்தை நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியரிலும் விட வேண்டும். வண்டி உருண்டாலும் சாலை நடுவே செல்லாமல் ஓரத்தில் முட்டி நிற்கும்படி முன்சக்கரங்களைத் திருப்பி வைக்க வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கமாகச் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பின்னரே சரக்கைத் தொட வேண்டும். உரிமையாளர் செய்ய வேண்டியதும் சிறிதே: ஒரு மரக்கட்டையை வண்டியிலேயே வைத்திருப்பது, கைப்பிடி வழக்கத்தைவிட உயர ஏறினால் அன்றே கேபிளை முறுக்குவது, பழுதைச் சொல்பவரைச் சோம்பேறி என்று நினையாதிருப்பது.

சரக்கைப் பெற்றுக்கொள்ளும் நமக்கும் இதில் பங்குண்டு. குறுகிய தெருவில் லாரி நின்றவுடன் பின்னாலிருந்து ஒலியெழுப்புபவர்கள் நாம்தாம். "சீக்கிரம் இறக்குப்பா, எவ்வளவு நேரம்" என்று வாசலில் நின்று கேட்பவர்களும் நாம்தாம். ஓட்டுநர் கட்டை வைக்கக் குனியும் அரை நிமிடத்தை அவரிடமிருந்து பறிப்பது பெரும்பாலும் இந்த அவசரமே.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் சிலர் வண்டி ஓட்டுவீர்கள். சிலர் வண்டி வாங்கி, ஓட்டுநரை வேலைக்கு வைப்பீர்கள். எஞ்சிய அனைவரும் வாசலில் நின்று பொருளைப் பெற்றுக்கொள்வீர்கள். ஓட்டுபவராயின், வண்டியைவிட்டு இறங்கும் முன் ஒருமுறை சக்கரத்தைப் பாருங்கள். உரிமையாளராயின், பழுது என்று ஒருவர் வந்து சொல்லும்போது செவிகொடுங்கள். வாசலில் நிற்பவராயின், அவர் கட்டையைத் தேடும்போது ஒன்றை எடுத்துக் கொடுங்கள்.