எழுவருக்கொரு ஜீப்

உயர்ந்த வயிறும் பருத்த சில்லுகளும் உடைய எந்த வண்டியையும் ஜீப் என்று அழைப்பது எம்மவர் வழக்கம். 1941ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் படையினருக்கெனத் தோன்றிய அச்சிறிய திறந்த வண்டிக்கும், இன்று கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு குளிரூட்டியின் சுகத்திலே செல்லும் பிறாடோ, மொன்ரெறோ முதலியவற்றுக்கும் பெயரளவில் அன்றி உறவு குறைவே. முன்னது போர்க்களத்துக்கென்று செய்யப்பட்டது. பின்னதோ, எமது ஊரைப் பொறுத்தவரை, திருமண வீட்டு வாசலில் நிறுத்துவதற்கென்றே பலராலும் வாங்கப்படுகின்றது. நாம் தேடியது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொன்று. எழுவரை ஏற்றி, யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமம் சென்று மீளவேண்டும். பழையதாயினும் நம்பத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

கதிர்காமம் எமது அன்னையாரின் நேர்த்தி. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் அனைவரும் மழையில் நனைந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தின் நெரிசலில் நின்று, பிள்ளைகள் நால்வரையும் உயிரோடு கரைசேர்த்தால் கதிரமலைக்கு வந்து காவடி எடுப்பிப்பேன் என்று முருகனிடம் சொல்லிக்கொண்டாராம். நால்வரும் கரைசேர்ந்தோம். நேர்த்தி மட்டும் நின்றுவிட்டது. 2002இல் கண்டி வீதி திறந்தபோது தந்தையார் படுக்கையில் இருந்தார். 2006 ஆகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டது. 2009இல் மறுபடி திறந்தபோது அன்னையாரின் முழங்கால்கள் மூடிக்கொண்டன. இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. பேருந்துப் படியைக் கண்டாலே கண்களை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

"ஒரு ஹயேஸ் வானை வாடகைக்குப் பிடித்தால் முடிந்தது, ஜீப் எதற்கு?" என்று கேளாதார் இல்லை. கணக்கு மட்டும் பார்ப்பதாயின் அவர்கள் சொல்வதே சரி. ஆயினும் வாடகை வண்டியின் சாரதிக்கு அவருடைய நேரம் உண்டு. வழியில் மூன்றிடங்களில் இறங்கி முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டியவரை அழைத்துச் செல்கையில், அந்நேரத்துக்கு அஞ்சியே பாதி இன்பம் கெட்டுவிடும். அன்றியும், சிறுவயதிலே நாம் கண்ட பயணங்கள் வேறு. பெற்றோல் கிடையாத அந்நாட்களில், தொடக்கிவிடச் சில துளி பெற்றோலும் பிறகு மண்ணெண்ணெயுமாக ஓடிய அயல்வீட்டு ஓஸ்டின் கேம்பிறிட்ஜ் காரிலே ஒன்பது பேர் ஏறி நல்லூர்த் தேருக்குச் சென்றிருக்கிறோம். புகையும் மணமும் சகிக்க முடியாதவை. எனினும் அதற்குப்பின் எத்தனையோ குளிரூட்டிய வண்டிகளில் ஏறியும் அத்தகைய சிரிப்பை எங்கும் கேட்டிலோம்.

புதிய வண்டி எம் போன்ற ஆசிரியருக்கு எட்டாக் கனி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், ஓட ஓட விலை குறைய வேண்டிய பண்டம் ஓட ஓட விலை ஏறிய புதுமையை இந்நாட்டிலே கண்டோம். திறந்த பின்னரும் வரியின் பாரத்தால் புதியவை மேலே நிற்க, பழையவை அவற்றின் நிழலிலே நின்று விலை பேசுகின்றன. ஆகவே இருபது வயது கடந்த ஜீப்புகளைப் பார்க்கப் புறப்பட்டோம்.

முதலாவது வண்டி வெண்மையாய், கண்ணைப் பறிக்கும் வகையில் இருந்தது. எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளேயும் அவ்வாறே. எண்ணெய்ப் பொட்டு ஒன்றேனும் இல்லை. எம்முடன் வந்திருந்த மெக்கானிக் முகஞ் சுளித்தார். "சேர், வண்டியைக் கழுவி விக்கிறவனுக்குப் பயப்பிட வேண்டாம். எஞ்சினைக் கழுவி விக்கிறவனுக்குத்தான் பயப்பிட வேணும்" என்றார். கசிவு எங்கே என்று காட்டிக்கொடுப்பது அழுக்கு ஒன்றுதானே. மூடியில் கை வைத்தபோது சுட்டது. நாம் வருமுன்னரே தொடக்கி ஓட்டி வைத்திருக்கிறார்கள். டீசல் எஞ்சினின் குணம் குளிர்ந்த நிலையில் தொடக்கும்போதே வெளிப்படும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகின்றது. வெண்புகை ஓயாது வந்துகொண்டே இருந்தால் குளிர்நீர் உள்ளே புகுந்திருக்கக் கூடும். கரும்புகை டீசல் மிகுதியைக் காட்டும். சூடேறிய எஞ்சின் இவற்றுட் பலவற்றை மறைத்துவிடும். கிலோமீற்றர் எண்ணியையோ எவரும் திருப்பி வைக்கலாம். பிறேக் மிதியின் றப்பர் தேய்ந்து வழுவழுப்பானால் அதைத் திருப்பி வைப்பார் இல்லை. அவ்வண்டியின் எண்ணி எண்பதினாயிரம் என்றது. மிதியோ இருமடங்குக்கு மேல் என்றது. நாம் மிதியை நம்பினோம்.

இரண்டாவது வண்டி கறுப்பு. எஞ்சின் நல்லது என்றே மெக்கானிக் கூறினார். ஆனால் அது கடற்கரையோர வீடொன்றில் பல்லாண்டு நின்ற வண்டி. கீழே படுத்து, அடிச்சட்டத்தைத் திருப்புளியாற் தட்டியபோது ஓரிடத்தில் இரும்பு அப்பளம்போல் உதிர்ந்தது. பிழைபட்ட எஞ்சினைப் பணம் கொடுத்துத் திருத்தலாம். உக்கிய அடிச்சட்டத்தைத் திருத்துவது கடினம், அதனை நம்பிப் பிள்ளைகளை ஏற்றுவது அதனினும் கடினம்.

இவ்விடத்தில் மூன்றாம் வரிசை ஆசனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏழு ஆசனம் என்று விளம்பரம் கூறுவதெல்லாம் ஏழு மனிதருக்கான ஆசனம் அல்ல. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த பிறாடோவில் பின்னாசனங்கள் இரு பக்கச் சுவரோடு மடங்கி நிற்கும். அக்கால மொன்ரெறோவில் தரைக்குள்ளேயே மடிந்து மறையும். மடக்கும் வித்தையைத் தரகர்கள் காட்டும் அழகே அழகு! விரித்த பின் அதில் அமர்ந்து காட்டச் சொன்னால் மட்டும் அவர்கட்குத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். பின்னச்சுக்கு மேலே இருப்பதால் தரை உயர்ந்து, மெத்தை தாழ்ந்து, முழங்கால் நாடியைத் தொடும். ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பிலே எழுதப்படும். குளிர்காற்று அங்கே போய்ச் சேருகிறதா என்பதும் பார்க்கத்தக்கது. சேராவிடின் கிண்ணியாப் பாலம் கடக்குமுன்னரே பிள்ளை வாந்தி எடுக்கும். அத்துடன் அவ்வாசனங்களை விரித்துவிட்டால் பின்னே பெட்டி வைக்க ஒரு சாண் இடமும் மிஞ்சாது. பெட்டிகளைக் கூரையில் ஏற்றினால் வண்டியின் பாரம் மேலேறி, வளைவுகளிலே சாயும் குணம் அதிகரிக்கும். நாம் எமது பதினைந்து வயது மகனை ஒவ்வொரு வண்டியிலும் பின்வரிசையில் அரைமணி நேரம் இருத்தினோம். ஊர் சுற்றக் கிடைத்ததே என்று அவன் மகிழ்ந்தான். அவனுடைய முழங்கால்கள் எமக்கு அளவுகோலாயின.

நான்கு சில்லு இழுவை வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கிழக்கு வீதியில் அதற்கு வேலை இல்லை. புத்தலையிலிருந்து கதிர்காமம் செல்லும் காட்டு வீதியில் தீனி கேட்டு மறித்து நிற்கும் யானைக்கும் அது மருந்தன்று. அங்கே கண்ணாடியை ஏற்றி, உணவு எதையும் நீட்டாது, பொறுமையோடு விலகுவதே வழி. திரும்பும்போது பிள்ளைகள் நுவரெலியா பார்க்க விரும்பியமையால் மலை இறக்கத்தை மட்டும் கருத்திற் கொண்டோம். இத்துணைப் பாரமான வண்டியை இறக்கத்தில் பிறேக்கினால் மட்டும் தாங்கிப் பிடித்தால் பிறேக் சூடேறிச் செயலிழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கவேண்டும். ஆகவே சோதனை ஓட்டத்தின்போது கியர்கள் ஒவ்வொன்றையும் இறக்கிப் பார்த்தோம். டீசல் லீற்றருக்கு ஒன்பது பத்துக் கிலோமீற்றர் ஓடினாற் போதுமென்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். போய்வர ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் என்பதால், 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசையில் இரவு முழுதும் நின்ற மனைவிக்கு அந்தக் கணக்கு இன்னும் கசக்கின்றது.

மூன்றாவது வண்டி சாம்பல் நிறம். சிறு கீறல்கள் பல. எஞ்சினில் நேர்மையான அழுக்கு. குளிர்ந்தபடியே தொடக்கினார்கள்; புகை இல்லை. ரயர்களின் பக்கத்தில் உள்ள நான்கிலக்கத்தைப் பார்த்தோம்: முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. ஒன்பது ஆண்டு பழையவை. புதிய ரயர்களின் பணத்தை விலையிற் கழித்தோம். செசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். லீசிங் கம்பனி எதன் பெயரும் அதில் எஞ்சியிருக்கவில்லை. மெக்கானிக் தலையசைத்தார். விலையும் ஏறக்குறையப் பொருந்திற்று. அப்போதுதான் மனைவி, "மாமியை ஒருக்கால் ஏற்றிப் பாருங்கோவன்" என்றாள்.

மறுநாள் மாலை அன்னையாரை முச்சக்கர வண்டியில் அழைத்துச் சென்றோம். அவர் கதவடியில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தார். பக்கப் படியே அவருடைய முழங்கால் உயரத்துக்கு இருந்தது. "தம்பி, இதிலை ஏற நான் திரும்பப் பிறக்க வேணும்" என்றார். விற்பவர் சிரித்தார், எமக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் தேடியதெல்லாம் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடுமோ என்று தோன்றிற்று. விற்பவரின் வயது முதிர்ந்த தாயார் அதற்குள் உள்ளேயிருந்து ஒரு மரமணையைத் தூக்கி வந்தார். நான்கு விரல் உயரம், அடியில் றப்பர் ஒட்டியது. "நான் இதை வைச்சுத்தான் பதினொரு வருசம் ஏறினனான்" என்றார். அன்னையார் மணையில் ஒரு கால், படியில் ஒரு கால், கதவுப் பிடியில் ஒரு கை, எமது தோளில் ஒரு கை வைத்து ஏறி, நடு வரிசையின் இடப்புறத்தில் அமர்ந்தார். பிறகு இறங்கச் சொன்னோம். சற்று இருந்துவிட்டு இறங்குகிறேன் என்றார்.

மணையும் விலையோடு சேர்ந்தது. பெயர் மாற்றம் முடிந்துவிட்டது. ரயர்கள் நான்கும் உதிரியும் புதியன. மெக்கானிக் எண்ணெய்களை மாற்றி, எஞ்சினின் ரைமிங் பெல்ற்றையும் வெட்டி எறிந்து புதியது பூட்டினார்; முன்னவர் எப்போது மாற்றினார் என்பதற்குச் சீட்டு இல்லை என்பதால். ஆடி மாதத்துக் கொடியேற்றத்துக்கு நான்கு நாள் முன்னதாக விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பாடு. நடுவில் அன்னையாரும் மாமியாரும் இளையவளும். பின்னே பெரியவர் இருவர். முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காயை அன்னையார் இப்போதே தெரிந்தெடுத்து, குடுமியைச் சீவி, ஜீப்பின் முன்னாசனத்துக்குக் கீழே வைத்துவிட்டார்.